கணிதத்திலிருந்து டெங்கு ஆய்வுக்கு: ஒரு நோய்ப்பரவல் ஆய்வாளரின் அனுபவம்

கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் தொற்றுநோய்ப் பரவலை ஆராயும் துறைக்கு வந்ததற்கு, கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1927இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே காரணம். மக்களைத் தொற்றக்கூடியவர்கள், தொற்றுள்ளவர்கள், தொற்றிலிருந்து விலகியவர்கள் என்று பிரித்து, 1905-06இல் பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒரே வளைகோட்டில் அடக்கிக் காட்டியிருந்தார்கள். மெக்கென்ட்ரிக் இந்தியாவின் கசௌலியில் இருந்த பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் என்பது அந்தக் கட்டுரையை எனக்கு இன்னும் நெருக்கமாக்கியது. ஆனால் பம்பாயில் பிளேக் பரவியது எலிகள் வழியாக. மனிதர்களின் இறப்பு எலிகளிடையே பரவிய நோயின் பிரதிபலிப்பே என்று கொள்வதாக அவர்களே அக்கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். வளைகோடு பொருந்துவது ஒன்று, நோய் பரவும் விதம் புரிவது வேறொன்று என்பதை என் முனைவர் பட்ட ஆய்வு எனக்கு உணர்த்திக்கொண்டே இருந்தது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது டெங்கு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, பெயர் நீக்கப்பட்ட மருத்துவமனைப் பதிவுகள் கைக்கு வந்தபோது, என் நெறியாளர் கணினியைத் தொடவிடாமல் முதலில் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் வருபவருக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனையும், அதற்குப் பிறகு வருபவருக்கு, தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனையும் பொருத்தமானவை என்பதையும், பதிவேட்டில் உள்ள தேதி பெரும்பாலும் இரத்தம் எடுத்த நாளே தவிர காய்ச்சல் தொடங்கிய நாள் அல்ல என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். டெங்குத் தொற்றுக்கு ஆளாவோரில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை அல்லது அது சாதாரணக் காய்ச்சலாகக் கடந்துவிடுகிறது. அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதன் விளைவு சமன்பாட்டில் கடுமையாகத் தெரிந்தது. நோய் பரவும் வேகமான பரவல் வீதத்தைக் குறைத்து, தொற்றுகளில் எத்தனை பங்கு பதிவேட்டுக்கு வருகிறது என்ற பதிவாகும் விகிதத்தைக் கூட்டினாலும் அதே வளைகோடு வந்தது. முன்னதைக் கூட்டிப் பின்னதைக் குறைத்தாலும் அதுவே வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இந்தத் துறையில் என்னை மிக நீண்ட காலம் தடுத்து நிறுத்திய இடம் இதுதான்.

வழி பிறந்தது இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பிலிருந்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-18இல் 15 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், முன்பு எப்போதாவது டெங்குத் தொற்று ஏற்பட்டதற்கான எதிர்ப்பொருள் 48.7 சதவீதத்தினரிடம் இருந்தது, தென்மாநிலங்களில் 76.9 சதவீதம். அதைவிட எனக்குப் பயன்பட்டது வயதுவாரிக் கணக்கு. 5 முதல் 8 வயதுக் குழந்தைகளில் 28.3 சதவீதம், 18 முதல் 45 வயதினரில் 56.2 சதவீதம். ஏழு வயதுக்குள் இவ்வளவு பேருக்குத் தொற்று ஏற்பட வேண்டுமானால், தொற்றாதவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் பேர் தொற்றுக்கு ஆளாகியிருக்க வேண்டும். அதே கணக்கை முப்பது வயதினருக்குப் போட்டால் 3 சதவீதத்துக்கும் குறைவாக வருகிறது. அண்மைக் காலத்தில் பரவல் கூடியிருக்கலாம். குழந்தைகளுக்குக் கொசுக்கடி வாய்ப்பு அதிகமாக இருக்கலாம். வயது ஏற ஏற எதிர்ப்பொருளின் அளவு குறைந்திருக்கலாம். இவற்றில் எது என்பதை ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு சொல்லாது என்றாலும், பதிவாகும் விகிதம் எந்த எல்லைக்குள் இருக்க முடியும் என்பதை அது இறுக்கிக் கட்டியது. என் கணித மாதிரி அதன் பிறகுதான் நிலைபெற்றது.

2020இல் கொரோனா வந்தபோது எங்கள் துறையினரிடம் எத்தனை பேருக்குத் தொற்று என்று எல்லோரும் ஒற்றை எண்ணைக் கேட்டார்கள். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் ஏறத்தாழ 82 முதல் 130 தொற்றுகள் இருந்ததாக மதிப்பிட்டது. டெங்குவில் பட்ட பாட்டினால் அந்த இடைவெளி எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒற்றை எண்ணைத் தராமல் வரம்பைத் தருவதில் நான் உறுதியாக நின்றதற்கும் அதுவே காரணம்.

இப்போது எங்கள் குழு தயாரிக்கும் களப் படிவங்களில் காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் இரத்தம் எடுத்த நாளுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்கள் முதல் சில வாரங்கள் அந்தப் படிவங்களை நிரப்பும் செவிலியர்களுடன் இருந்துவிட்டே கணினிக்கு வருகிறார்கள்.