சூடாக்க ஒதுக்கிய அலைவரிசையில் நம் பேச்சு

மைக்ரோவேவ் அடுப்பை இயக்கியதும் அருகில் பாடிக்கொண்டிருந்த புளூடூத் ஒலிபெருக்கி திணறத் தொடங்கினால், இரண்டில் எது பழுது என்றுதான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். இரண்டுமே பழுதில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுப்புக்குத்தான் முதலிடம், மற்றவை எல்லாம் பிறகு குடிவந்தவை.

1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று 2.4 கிகாஹெர்ட்ஸ் உட்படச் சில அலைவரிசைகளை ஒதுக்கியது. செய்தி அனுப்புவது அக்கருவிகளின் வேலையன்று. பிளாஸ்டிக்கை ஒட்டவும், மரத்தை உலர்த்தவும், தசைக்கு வெப்பம் தரவும் வானலையைப் பயன்படுத்தும் கருவிகள் அவை. அங்கே தகவல்தொடர்பு நடத்துவோர், அக்கருவிகளால் வரும் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பது விதி. 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் பரவல் அலைமாலை முறைக்கு (சிக்னலை அகன்ற அலைவரிசையில் பரப்பி அனுப்பும் முறை) இந்த இடத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது; வைஃபை வளர்ந்தது அந்த வாசல் வழியாகத்தான். (சில்லுத் தொழிற்சாலைகளில் கிலோவாட் கணக்கில் பிளாஸ்மாவை எரியவைக்கும், இதேபோல் ஒதுக்கப்பட்ட 13.56 மெகாஹெர்ட்ஸில்தான், தொடாமலே பணம் செலுத்த நம் கையிலுள்ள அட்டையும் பேசுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.)

வானலையின் வலிமையை அளந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை 2450 மெகாஹெர்ட்ஸில் (2.45 கிகாஹெர்ட்ஸ்) நிறுத்தி, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை அடுப்பின் கசிவை நேர அச்சில் பார்த்தால், அது இடைவிடாத இரைச்சலாக இருப்பதில்லை. அடுப்பினுள் மைக்ரோவேவை உருவாக்கும் குழாயான மேக்னட்ரான், மின்னோட்டச் சுழற்சியின் ஒரு பாதியில் மட்டுமே இயங்குவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு 20 மில்லிசெகண்டிலும் ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் அமைதி கிடைக்கிறது. சிறிய பாக்கெட் (ஒரே மூச்சில் அனுப்பப்படும் தகவல் துண்டு) அந்த இடைவெளியில் தப்பிச் சென்றுவிடும். குறைந்த வேகத்தில் அனுப்பப்படும் நீண்ட பாக்கெட்டோ இரைச்சலில் சிக்கிச் சிதையும். நொடிக்கு 1,600 முறை 79 தடங்களுக்குள் (அலைவரிசையின் சிறு பிரிவுகள்) தாவும் புளூடூத்தும், இரைச்சல் மிகுந்த தடங்களை அடையாளம் கண்டு ஒதுக்கிய பிறகே நிதானமடைகிறது.

ஆகவே, குறுக்கீடு வந்தால் யாரிடம் புகார் செய்வது என்று கேட்கும் கம்பியில்லாக் கருவி வடிவமைப்பாளர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுதான்: இங்கே நமக்குப் பாதுகாப்பு கோரும் உரிமை இல்லை. பாக்கெட்டைச் சுருக்குங்கள், அனுப்புமுன் தடம் காலியாக இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள், பதில் வராவிட்டால் உடனே திரும்ப அனுப்பாமல், 10 மில்லிசெகண்டாவது பொறுத்து அனுப்புங்கள். உடனடியாக மூன்று முறை அனுப்பித் தோற்றுப்போகும் உணரி (சென்சார்), அந்த மூன்றையும் மேக்னட்ரானின் ஒரே அரைச்சுழற்சிக்குள்தான் வீணாக்கியிருக்கும்.