முதல் பைப் வாங்கப் போகும் தம்பிக்கு

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பைப் பிடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, முதல்ல என்ன பைப் வாங்குறது, என்ன புகையிலை போடுறது?" போனில் கொஞ்சம் சொன்னேன். இதே கேள்வி இன்னும் சிலரும் கேட்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இதுவரை புகைக்காதவர் என்றால் தொடங்காதீர்கள், மனதாரச் சொல்கிறேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றிலும் புற்றுநோய் வர பைப் காரணமாகிறது, நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், பழக்கமும் பிடித்துக்கொள்ளும். பதினெட்டு நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பது குற்றம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். இதெல்லாம் தெரிந்தும் வேண்டும் என்று முடிவு செய்த பெரியவர்களுக்குத்தான் மீதி.

பைப் விஷயத்தில் என் கருத்து தெளிவானது: முதல் பைப் மக்காச்சோளக் கதிரில் செய்ததாக இருக்கட்டும். கார்ன் காப் என்பார்கள். மணியை உதிர்த்த பிறகு நம் பக்கம் அடுப்பில் போட்டு எரிக்கிறோமே, அதேதான், ஆனால் நன்றாகத் தடித்த ரகத்தில் எடுத்து நெடுநாள் காயவைத்துக் குடைந்து, வெளிப்பக்கத்து ஓட்டைகளைப் பிளாஸ்டர் பூசி அடைத்து, மரத் தண்டு செருகியிருப்பார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்ற ஊரில் மிசௌரி மீர்ஷாம் கம்பெனி 1869-லிருந்து இதையே செய்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளபதியாக இருந்த ஜெனரல் மெக்கார்தர் படங்களில் வாயில் நீளமாக இருக்கிறதே, அது கார்ன் காப்தான். இதில் ஈரம் ஊறிக்கொள்ளும், முதல் நாளிலிருந்தே கசக்காமல் பிடிக்கலாம், பழக்கிப் பதப்படுத்தும் வேலை கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பெரிய நஷ்டமும் இல்லை.

பிரையர் பைப் அழகுதான், மறுக்கவில்லை. மத்தியதரைக்கடல் ஓரத்தில் எரிகா ஆர்போரியா என்றொரு புதர் வளர்கிறது, அதன் வேரடியில் திரளும் மர முடிச்சை வெட்டியெடுத்து, வேகவைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, அப்புறம்தான் செதுக்குவார்கள். பிரான்சில் செயிண்ட் குளோத் ஊர்க்காரர்கள் 1850-களில் இதைப் பெரிய தொழிலாக்கினார்கள். அந்த மரம் லேசில் கருகாது, அதற்குத்தான் அந்த மதிப்பு. ஆனால் விலை மலிந்த பிரையரில் மரத்தின் குழிகளை மாவு வைத்து அடைத்து, மேலே தடிமனாக வார்னிஷ் அடித்து மறைத்திருப்பார்கள், அதை வாங்குவதற்கு நல்ல கார்ன் காப் எவ்வளவோ மேல். தேக்கடி போகிற வழியில் கலைப்பொருள் கடைகளில் யானைத்தலை செதுக்கிய மர பைப் தொங்கினால், அதை அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள், புகையிலை போடும் கிண்ணத்துக்குள்ளேயே பாலிஷ் பூசியதைப் பற்றவைக்கக் கூடாது.

எந்த பைப்பானாலும் கடையிலேயே ஒரு பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) வாங்கி வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போய்க் கிண்ணத்தின் அடியில், நட்ட நடுவில் எட்டிப்பார்க்க வேண்டும். துளை மேலே ஏறியிருந்தால் அடியில் புகையிலை எரியாமல் நனைந்து கிடக்கும். வளைந்த பைப் பல்லுக்குச் சுமை குறைவு, நேரானது சுத்தம் செய்யச் சுலபம், புதிதாகத் தொடங்குபவருக்கு நேரானதே போதும்.

சரி, புகையிலை. முதலில் ஒரு எச்சரிக்கை: வேடசந்தூர் பக்கம் விளைகிற மெல்லும் புகையிலையை நறுக்கிப் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. தலை சுற்றிக் குமட்டும் அளவுக்குக் காரம். பைப்புக்கு வர்ஜீனியா, பர்லி, இந்த இரண்டு இலைகளும்தான் அஸ்திவாரம். வர்ஜீனியா நம் ஆந்திராவில், பிரகாசம் மாவட்டத்தில் ஏராளமாக விளைகிறது, புகையிலை வாரியமே குண்டூரில்தான் இருக்கிறது, ஆனால் அந்த இலை பெரும்பாலும் சிகரெட்டுக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடும், டப்பாவில் நமக்கு வருவது வெளிநாட்டுக் கலவைதான். வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், இனிக்கும், ஆனால் அவசரமாக இழுத்தால் சூடேறி நாக்கைப் பொசுக்கிவிடும். பர்லியில் சர்க்கரை மிகக் குறைவு, நிலக்கடலை வறுத்த வாசனை, நிதானமாக எரியும். அதனால் பர்லி தூக்கலாக உள்ள, வாசனை அதிகம் சேர்க்காத கலவையாகக் கேளுங்கள். வெனிலா, செர்ரி என்று மணக்கும் அரோமாட்டிக் டப்பாக்களைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள், முகர்ந்தால் ஆளைத் தூக்கும், ஆனால் ஈரம் போகாமல் இருக்க அதில் பலவும் சேர்ப்பதால் தண்டில் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வரும், டப்பாவில் இருந்த மணம் வாயில் பாதிகூட இருக்காது. லட்டாக்கியா என்பது விறகுப் புகையில் உலர்த்திய இலை, வாசனை மிகவும் அழுத்தமானது, எனக்கு உயிர். முதல் டப்பாவாக வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. பைப் சரியில்லை, புகையிலை சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் சரியில்லாதது ஈரம். டப்பா திறந்ததும் இருக்கும் பதத்தில் பெரும்பாலான புகையிலையை அப்படியே போடக் கூடாது. கம்பத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி அரைமணி நேரம் விட்டால் காய்ந்துவிடும். மலை ஏறி இங்கே குமுளியில், ஜூனிலிருந்து மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் நாட்களில், தட்டில் பரப்பினால் காற்றிலிருந்து இன்னும் ஈரம் குடிக்கும். அப்போது அடுப்படிச் சூட்டில், தீயில் படாமல் தள்ளி, தட்டைக் கொஞ்ச நேரம் வையுங்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்தவர்கள் காயை உள்ளங்கையில் உருட்டியே பதம் சொல்வார்கள் இல்லையா, இதிலும் கைதான் கணக்கு. ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தி விடுங்கள்: உருண்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம், பொடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, மெதுவாக விரிந்து பிரிந்தால் போடலாம்.

போடும்போது மூன்று பாகமாக: அடியில் சும்மா உதிர்த்துவிட்டு, நடுவில் லேசாக அழுத்தி, மேலே சற்று உறுதியாக. பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள், காற்று முட்டினால் கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். தீக்குச்சியை மேற்பரப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினால் இலை பொங்கி எழும், அணையவிட்டு அழுத்துங்கள், இரண்டாவது முறை பற்றவைப்பதுதான் நிஜமான பற்றவைப்பு. அழுத்துவதற்குத் தனிக் கருவி தேவையில்லை, தட்டையான தலையுள்ள பெரிய ஆணி போதும். பிறகு மெதுவாக. அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைப்பதில் வெட்கமே இல்லை. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சுட்டால் கீழே வைத்துவிடுங்கள். கார்ன் காப்பில் அந்த மரத் தண்டின் நுனி கிண்ணத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், கடைசி வரை எரித்தால் அது கருகிக் கசக்கும், அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தே தட்டிவிடுங்கள். ஆறியதும் கிளீனர் விட்டு, ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

வெளியில் எங்கே பிடிப்பது என்றும் கேட்டார். பொது இடத்தில் கூடாது, தமிழக-கேரள எல்லைக்கு எந்தப் பக்கமும் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே தடுத்துவிட்டது, நாடு முழுக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை. உங்கள் தோட்டத்து வரப்பு, ஆள் இல்லாத நேரம், அவ்வளவுதான்.

டப்பா திறந்ததும் மீதியை டப்பாவிலேயே விடாமல் ரப்பர் வளையம் போட்ட கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்டிவிடுங்கள், மழைக்காலத்தில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலோ மக்கிய நாற்றம் வந்தாலோ அந்தப் பாட்டிலை முழுசாகக் கொட்டிவிட வேண்டியதுதான், மேலே மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பிடிக்காதீர்கள்.