ஒரு பின் குறைகிறது

மார்ச் 7, சனி

அக்காவின் கணினி என் மேசைக்கு வந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து திறக்கப்படாத பெட்டி. வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தாலே ஃபேன் அலறுகிறது, அப்புறம் எல்லாமே மந்தமாகிவிடுகிறது என்றாள். ஓட விட்டுப் பார்த்தேன். ப்ராசசரின் சூடு 95 டிகிரிக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. ப்ராசசரின் சூட்டை வெளியே கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் குறை வைக்கவில்லை. பவர் கேபிளைப் பிடுங்கி, பெட்டியின் பட்டனை அழுத்தி மிச்சமிருந்த மின்சாரத்தை இறக்கி, இரும்புச் சட்டத்தைத் தொட்டு என் உடம்பிலிருந்த நிலைமின்னையும் போக்கிக்கொண்டேன். நிலைமின்னுக்கு அவ்வளவு பயந்தவன் என் கைகளுக்குப் பயப்படவில்லை.

ப்ராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டியான ஹீட் சிங்கின் கொக்கிகளை விடுவித்து மேலே இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். 'பளக்' என்று ஒரு சத்தம். ஹீட் சிங்க் கையோடு வந்துவிட்டது, ப்ராசசர் உட்காரும் சாக்கெட் காலி. ப்ராசசர் ஹீட் சிங்கின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஊசிக் கால்கள் போன்ற அத்தனை பின்களையும் என் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.

சாக்கெட்டின் லிவர் பூட்டியேதான் இருந்தது! இது ஏஎம்டி ப்ராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட். இதில் லிவர் பின்களைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுமே தவிர, ப்ராசசரை மேலிருந்து அமுக்கி வைக்கச் சட்டம் எதுவும் கிடையாது. காய்ந்த பேஸ்ட் கிட்டத்தட்ட பசை. அதன் பிடி லிவரின் பிடியை ஜெயித்துவிட்டது. கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் நன்றாக வேலை வாங்கி, பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டுமாம். காரியம் கெட்ட பிறகு படித்தேன்.

இதோடு நின்றிருந்தால் ஒரு சேதமும் இல்லை. அதுவரை பின்கள் எல்லாம் நேராகத்தான் இருந்தன. ஹேர் ட்ரையரால் சூடு காட்டி மெதுவாகப் பிரித்திருக்கலாம். நானோ தட்டை ஸ்க்ரூட்ரைவரை இடுக்கில் விட்டு நெம்பினேன். ப்ராசசர் தெறித்து, மேசை விளிம்பில் மோதி, தரையில் விழுந்தது. பின்கள் கீழ்ப்பக்கமாக.

மார்ச் 8, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் மொபைல் கேமராவைப் பூதக்கண்ணாடி போல வைத்துப் பார்த்தேன். மொத்தம் 1331 பின்கள். நெல் நாற்று மாதிரி வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு மூலையில் மட்டும் மாடு மேய்ந்த மாதிரி இருக்கிறது. வளைந்தவை 9. எட்டு லேசாகச் சாய்ந்திருக்கின்றன, ஒன்று முழுதாகப் படுத்துவிட்டது.

இதற்கு எல்லோரும் சொல்லும் கருவி மெக்கானிக்கல் பென்சில். லெட்டை எடுத்துவிட்டு, முனையிலுள்ள குழாயைப் பின்னுக்கு மேல் தொப்பி போல மாட்டி நிமிர்த்த வேண்டும். பின்னின் தடிமனுக்கு 0.7 பென்சில் சரியாக இருந்தது. கடைசியில் வரிசைகளுக்கு நடுவே மெல்லிய பிளேடை ஓட்டிப் பார்த்தால், நேராகாதது எது என்று தட்டுப்படும்.

முதல் எட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றையும் ஒரே தள்ளில் நிமிர்த்தாமல், கொஞ்சம் தள்ளி, பார்த்து, மறுபடி கொஞ்சம். கை நடுங்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நிறையக் குடித்தேன்.

ஒன்பதாவது பின்னுக்குக் குழாய் மாட்டவே வழியில்லை, அது தரையோடு தரையாகக் கிடந்தது. ஊசியால் தூக்கிவிட்டேன். பாதி எழுந்தது. குழாயை மாட்டி மீதியையும் நிமிர்த்தினேன். நேராகிவிட்டது. பென்சிலை எடுத்தேன், பின்னும் கூடவே வந்துவிட்டது.

தங்கமுலாம் பூசிய ஒரு துணுக்கு. வெள்ளைத் தாளில் வைத்திருக்கிறேன். மூச்சு விட்டால் பறந்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

அக்காவிடமிருந்து செய்தி: "முடிஞ்சுதாடா?"

"பேஸ்ட் காயணும்க்கா, ரெண்டு நாள் ஆகும்" என்று பதில் போட்டேன். தெர்மல் பேஸ்ட் காய வேண்டிய பொருளே இல்லை, காய்ந்ததுதான் பிரச்சினையே. அவள் நம்பிவிட்டாள். அதுதான் சங்கடமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

1331 பின்களில் பெரும்பகுதி எர்த்தும் மின்சாரமும்தான். ஒரே வேலையைப் பல பின்கள் பகிர்ந்துகொள்வதால் அவற்றில் ஒன்று போனால் ப்ராசசருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆகவே உடைந்தது எது என்பதே கேள்வி. பின் வரைபடத்தைத் தேடி எடுத்து, வரிசை எழுத்தையும் எண்ணையும் விரல் வைத்து எண்ணினேன். எர்த்! நாற்காலியிலிருந்து குதிக்காத குறை.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. வரைபடம் ப்ராசசரை மேலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டிருந்தது. நான் கவிழ்த்துப்போட்டு எண்ணியிருக்கிறேன், இடமும் வலமும் மாறிவிட்டன. மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை அடையாளம் வைத்து மறுபடி எண்ணினேன். ப்ராசசர் ரேமோடு பேசும் இரண்டு பாதைகளில் இரண்டாவதான 'பி' சேனலில், தரவு போகும் ஒரு லைன்.

சரி, பொருத்தித்தான் பார்ப்போம் என்று ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிது தடவி, எல்லாவற்றையும் மாட்டினேன். மதர்போர்டில் ரேமுக்கான விளக்கு எரிந்தபடியே நின்றது, திரை கறுப்பு. 'பி' ஸ்லாட்டில் இருந்த ரேமை மட்டும் கழற்றினேன். கணினி தொடங்கும்போது முதலில் எழும் பயாஸ் திரை வந்தது. நல்லவேளை, போர்டில் நான்கு ஸ்லாட்கள். இரண்டு 8 ஜிபி ரேமையும் 'ஏ' சேனலின் இரண்டு ஸ்லாட்களில் போட்டேன். 16 ஜிபியும் தெரிகிறது!

ஆனால் ஒற்றைச் சேனல். டிடிஆர்4-3200 வகை ரேமுக்கு இரண்டு சேனலும் சேர்ந்தால் கணக்குப்படி வேகம் நொடிக்கு 51.2 ஜிபி, இப்போது 25.6. பின் உடைந்த இடத்துக்கு நேரே சாக்கெட் துளையில் மெல்லிய கம்பியைச் செருகிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இருந்த தைரியமெல்லாம் சனிக்கிழமையே செலவாகிவிட்டது.

மார்ச் 14, சனி

இரண்டு நாள் சோதித்தேன். ரேம் சோதனை இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. வீடியோ ஏற்றுமதி செய்யும்போது சூடு 74 டிகிரியைத் தாண்டவில்லை. வந்த வேலை ஒரு வகையில் முடிந்துவிட்டது.

அக்கா வந்தாள். எல்லாவற்றையும் சொல்லி, தாளில் மடித்து வைத்திருந்த பின்னையும் காட்டினேன். வேறு ப்ராசசர் நானே வாங்கித் தருகிறேன், அதுவரை இதில் ஓட்டு என்றேன். அவள் பின்னை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ, பேஸ்ட் காயணும்னு சொன்னியே?"