செப்ஸ்டோவின் சேறு

வேல்ஸின் செப்ஸ்டோ திடலில் டிசம்பர் 27 அன்று நடக்கவிருக்கும் வெல்ஷ் கிராண்ட் நேஷனல் தடைதாண்டும் குதிரைப் பந்தயத்துக்கு எங்கள் லாயத்திலிருந்து இரண்டு குதிரைகளின் பெயரைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒரு வாரமாக விடாமல் பெய்யும் மழையில் தரை ‘ஹெவி’ எனப்படும், நீர் ஊறிச் சேறான நிலைக்குப் போய்விட்டதால், ஓடப்போவது அநேகமாக ஒன்றுதான். இளையவனுக்கு வேகம் அதிகம், பொறுமை குறைவு. ஆறு கிலோமீட்டருக்கும் மேல் சேற்றில் குளம்பு புதையப் புதையத் தடைகளைத் தாண்டச் சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம். பன்னிரண்டு வயதுக் கிழவனோ, இன்று காலைப் பயிற்சி முடிந்து வயிறு வரை சேறு அப்பியிருந்தபோதும் தீவன வாளியைத்தான் தேடினான். நீர் தேங்கியதால் 2018 ஜனவரிக்குத் தள்ளிப்போன இதே பந்தயத்தை ராஸ் டி மாரே என்ற குதிரை 13 வயதில் வென்றது நினைவுக்கு வருகிறது. திடலை ஆய்வு செய்து பந்தயம் உறுதி என்று சொல்லும் வரை வண்டியில் எதையும் ஏற்றப்போவதில்லை.