வாரயிறுதி மௌனத் தியானம்: கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போங்கள்

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிற மௌனத் தியானத்துக்கு, பைக்குள் நாலைந்து பக்திப் புத்தகங்களும் மனசுக்குள் நீண்ட வேண்டுதல் பட்டியலுமாகப் போகிறவர்கள் உண்டு. இரண்டு நாளுக்கு அது அதிகம். மூன்று நான்கு விவிலியப் பகுதிகள் போதும். அவற்றில் ஒன்றிலேயே திரும்பத் திரும்ப உட்கார முடிந்தால் இன்னும் நல்லது.

இந்தத் தியான முறை, இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரிடமிருந்து வருவது. 1522-23இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கி ஜெபித்த காலத்தில் அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகளே பிறகு 'ஆன்மிகப் பயிற்சிகள்' ஆயின. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். முழுப் பயிற்சி ஏறத்தாழ 30 நாள். அதை இரண்டு நாளில் திணிக்க முடியாது. ஜெபிக்கும் முறையை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். பெருங்கூட்டமாகக் கூடிப் பாடித் துதிக்கும் தியானங்கள் வேறு வகை. அதை எதிர்பார்த்து இங்கே வருகிறவர்கள் சனி காலையிலேயே தவித்துப்போவார்கள். எந்த வகை என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கையில் வேண்டியவை: விவிலியம், ஒரு நோட்டு, பேனா, மாத்திரைகள், சின்ன அலாரக் கடிகாரம். போனை அணைத்துக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால்தான் கடிகாரம். அவசரத்துக்குத் தியான இல்லத்தின் அலுவலக எண்ணை வீட்டில் கொடுத்து வையுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு மௌனம் முழுக்க வீட்டு நினைப்பிலேயே போகும். கொடைக்கானல், ஏற்காடு என்றால் கம்பளி. சர்க்கரை நோய் இருந்தால் சமையலறையில் முதல் இரவே சொல்லிவிடுங்கள். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்களும், அண்மையில் துக்கம் நடந்த வீட்டிலிருந்து வருகிறவர்களும் தியானம் கொடுக்கிற ஃபாதரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். நீண்ட மௌனம் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் ஏற்றதல்ல. மருந்தை நிறுத்தவே கூடாது.

ஒரு ஜெப வேளை ஒரு மணி நேரம். புதியவர்களுக்கு 40 நிமிடம் போதும். உட்காரப்போகிற இடத்துக்கு ஓரிரு அடி முன்னால், ஒரு பரலோக மந்திரம் ('பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் ஜெபம்) சொல்லும் நேரம் நின்று, ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்பதை நினைக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். அவசரமாக வந்து உட்கார்ந்தவுடன் விவிலியத்தைப் புரட்டுகிற பழக்கத்தை இந்த ஒரு நிமிடமே முறிக்கும். பிறகு பகுதியை மெதுவாக இருமுறை வாசியுங்கள். மாற்கு 10:46-52 என்றால் எரிகோவின் சாலை, கூட்டம், பார்வையற்ற பர்த்திமேயுவை அதட்டும் குரல்கள், அவன் எறிந்துவிட்டு எழும் மேலுடை எல்லாம் கண்முன் வரட்டும். அடுத்து, இந்த வேளையில் எனக்கு என்ன வரம் வேண்டும் என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். எந்த வசனத்தில் மனம் நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள். பகுதியை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசியில் நண்பனிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசி, பரலோக மந்திரத்தோடு முடிக்கவும்.

முடித்தபின் கால் மணி நேரம் நடந்துகொண்டோ உட்கார்ந்தோ திரும்பிப் பாருங்கள். எங்கே ஆறுதல், எங்கே ஜெபத்தில் மனம் ஒட்டாத வறட்சி, எங்கே மனம் முரண்டு பிடித்தது? நோட்டில் நாலு வரி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடுத்த வேளையில் புதுப் பகுதிக்குப் போகாமல், அந்த நாலு வரி காட்டும் இடத்துக்கே திரும்பிப் போவதில்தான் இந்தத் தியானத்தின் பலன் இருக்கிறது.

சனி பிற்பகல் கடினமானது. இரவுப் பஸ்ஸில் வந்த களைப்பு, சாப்பாட்டு மயக்கம், பராக்கு எல்லாம் ஒன்றாகச் சேரும். தூக்கம் என்றால் அரை மணி தூங்கி எழுங்கள், அது பாவமல்ல. உண்மையான வறட்சி என்றால் இஞ்ஞாசியார் சொல்லும் மருந்து வேறு: குறித்த நேரத்தைக் குறைக்காமல், கொஞ்சம் கூட்டியே உட்காருவது, ஏற்கெனவே எடுத்த நல்ல முடிவுகளை அந்த நேரத்தில் மாற்றாமல் இருப்பது. வறட்சிக்கு நம் அசட்டை ஒரு காரணமாக இருக்கலாம். ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று நாம் உணர்வதற்காகவும் அது வரலாம். எதுவென்று தனியாக முடிவுகட்டாமல் ஃபாதரோடு பேசும் வேளையில் சொல்லுங்கள். அந்தப் பேச்சு பாவசங்கீர்த்தனம் அல்ல, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டுமே அரைகுறையாகிவிடும். பாவசங்கீர்த்தனத்தைச் சனி மாலையே முடித்துவிடுவது நல்லது. ஞாயிறு காலை வரிசை நீளமாகி, பூசைக்கு மணி அடித்துவிடும்.

ஞாயிறு காலை எதிர்ப்பக்க ஆபத்து. மனம் பொங்கியிருக்கும்போது வேலையை விட்டுவிடுகிறேன், இன்ன நேர்ச்சை செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்கத் தோன்றும். அப்படி அவசரப்பட்டு வாக்குக் கொடுப்பவர்களைத் தடுக்க வேண்டும் என்று பயிற்சி கொடுப்பவருக்கே இஞ்ஞாசியார் எழுதி வைத்திருக்கிறார். தோன்றியதை நோட்டில் எழுதுங்கள், சில வாரம் கழித்து அமைதியான மனதோடு பாருங்கள்.

வீட்டுக்குப் போனபின் தொடர வேண்டியது இரவு 15 நிமிட ஆத்தும சோதனை: நன்றி, வெளிச்சத்துக்காக மன்றாட்டு, அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான ஒரு தீர்மானம். படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்தால் இரண்டாவதிலேயே தூங்கிவிடுவோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.