லைட்டுக்கு முன்னால் விரல்

பழைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் கருவியை, மாற்றுகிறேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே கேட்பது "எத்தனை டிகிரி வைப்பாய்?" என்பதைத்தான். பிஸ்டன் மேல்முனைக்கு வர, பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது பொறி விழ வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பானெட்டைத் தூக்கினால் ஸ்டிக்கரில் அச்சிட்டே இருக்கிறது. என் 1978 ஷெவ்ரலே சி10 பிக்கப்பில் 8 டிகிரி. அந்த எட்டுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். பொறி விழும் கணத்தில் மினுங்கி, முன்புறப் புல்லியில் உள்ள கோட்டைக் காட்டும் டைமிங் லைட் கடைசிப் பத்து நிமிடங்களுக்கு வரும் விருந்தாளி. அதற்கு முந்திய வேலை முழுவதும் விரலுக்கும் கண்ணுக்கும் உரியது.

டெக்சாஸில் இந்த வகை வண்டிகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. என்னுடையதில் 350 கன அங்குல வி8, அதாவது 5.7 லிட்டர். பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், மேல்மூடியான கேப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர். பழைய முறைப்படி மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி எழுப்பும் பிளாட்டினம் பாயின்ட் கிடையாது. பழையதை ஏன் மாற்றினேன் என்றால், கேப்பைக் கழற்றி, உள்ளே சுழன்று ஒவ்வொரு வயருக்கும் பொறியைக் கொடுக்கும் ரோட்டாரைப் பக்கவாட்டில் அசைத்தபோது தண்டு புஷ்ஷுக்குள் ஆடியது கையிலேயே தெரிந்தது. வேகம் ஏறும்போது விரிந்து பொறியை முந்தவைக்கும் எடைகளைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் துருத்தூள். லைட் அடித்தால் புல்லியின் கோடு ஓரிடத்தில் நிற்காமல் தத்தளித்தது. தண்டு ஆடும்போது உள்ளே இருக்கும் காந்தப் பற்களின் இடைவெளி மாறுகிறது, அதனால் பொறி விழும் நேரமும் மாறுகிறது.

கழற்றும் முன் ரோட்டார் பார்க்கும் திசையைக் குறித்துக்கொண்டு, கிராங்கைத் தொடாமல் இருந்தால் பாதி வேலை மிச்சம். எனக்கு அந்த வசதி இல்லை. வால்வு இடைவெளியையும் அதே கையோடு பார்த்ததால் கிராங்கைச் சுற்ற வேண்டியிருந்தது. ஆகவே பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்கினேன்.

ஒன்றாம் சிலிண்டர் ஓட்டுநர் பக்கத்தில் முன்னால் இருப்பது. அதன் பிளக்கைக் கழற்றி ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டேன். மகள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

"பிடித்துக்கொண்டே இருக்காதே கண்ணு. தொட்டுத் தொட்டு விடு."

"காற்று தள்ளுகிறதா அப்பா?"

"இன்னும் இல்லை… இதோ!"

விரலைப் பொக்கென்று தள்ளிவிட்டுக் காற்று வெளியேறும். அதுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து சாவிக்கு வேலை இல்லை. மகளைக் கீழே இறக்கிவிட்டு, புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, கோடு அருகிலுள்ள டிகிரி அளவுகோலின் பூஜ்யத்துக்கு வரும்வரை கையாலேயே மெல்லச் சுற்ற வேண்டும்.

கோட்டை மட்டும் பார்த்தால் போதாதா என்றால், போதாது. இது நான்கு வீச்சு இன்ஜின். கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு முறை சுற்றும். பூஜ்யக் குறி இரண்டு முறை வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவில், மற்றொன்று புகை வெளியேறும் முடிவில். இரண்டாவதை நம்பி வைத்தால் கார்புரேட்டர் வழியாகத் துப்பாக்கி வெடித்தாற்போல் சத்தம் வரும், வண்டி கிளம்பாது. உடனே டிஸ்ட்ரிபியூட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

கோட்டின் மேலும் ஒரு சந்தேகம் வேண்டும். அந்தக் கோடு இருக்கும் முன்புறப் பேலன்சர், அதாவது கிராங்கின் அதிர்வை அடக்கும் சக்கரம், இரண்டு துண்டு. நடுவில் ரப்பர் வளையம். இத்தனை வயதுக்குப் பிறகு அந்த ரப்பர் பிடி தளர்ந்து வெளிவளையம் நகர்ந்திருக்கலாம், கோடும் அதோடு போயிருக்கும். பிளக் ஓட்டையில் திருகும் பிஸ்டன் ஸ்டாப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பேட்டரியைப் பிரித்துவிட்டு, கிராங்கை முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டும் இரண்டு இடங்களையும் குறித்தால் நடுப்புள்ளிதான் உண்மையான மேல்முனை. என் வண்டியில் கோடு நேர்மையாகவே இருந்தது. இருந்தாலும் பார்க்காமல் நம்புவதில்லை.

இனி இறக்கும் வேலை. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்கோடியில், ஓட்டுநர் அறைக்கு முன்னுள்ள தடுப்பான ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. ரேடியேட்டர் பக்கமாகப் பழைய போர்வையைப் போட்டுக் குப்புறக் கவிழ்ந்துதான் செய்ய வேண்டும். இடுப்பு மறுநாள் கணக்குக் கேட்கும். கீழ்ப்பல் சக்கரம் சாய்வெட்டுப் பற்கள் கொண்டது, அதனால் உள்ளே இறங்க இறங்க ரோட்டார் வலஞ்சுழியாகத் திரும்பும். ஒன்றாம் வயருக்கு நேராக நிற்க வேண்டுமானால், ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்று இடஞ்சுழியாகத் தள்ளிப் பிடித்து இறக்க வேண்டும்.

இறக்கினேன். கால் அங்குலம் மீதி இருக்கும்போது நின்றுவிட்டது. இங்கேதான் பொறுமை தேவை. தண்டின் அடிநுனி ஆயில் பம்பை ஓட்டும் கம்பியின் தலையில் பொருந்த வேண்டும். அது வேறு கோணத்தில் நின்றால் உட்காராது. கிளாம்ப் போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் உடைவது எதுவாக இருந்தாலும் விலை அதிகம். வெளியே எடுத்து, டார்ச் அடித்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கம்பியைச் சற்றுத் திருப்பிவிட்டு மறுபடி இறக்கினால் 'தொப்' என்று அடிவரை போய் உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் போல்ட்டைத் தொடாதீர்கள்.

வயர்கள் ரோட்டார் பார்க்கும் இடத்தில் ஒன்றாம் எண்ணைத் தொடங்கி வலஞ்சுழியாக 1-8-4-3-6-5-7-2. மறக்கிறவர்கள் மணிக்கட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது லைட். கிளிப் ஒன்றாம் வயரில். இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியை முந்தவைக்கும் வாக்யூம் அட்வான்ஸ் குழாயைப் பிடுங்கி அடைக்க வேண்டும். இந்த ஊர் வழக்கப்படி அதற்குக் கோல்ஃப் பந்துக்கு அடியில் குத்தும் மரமுளைதான். இன்ஜின் ஸ்டிக்கர் சொல்லும் ஐடில் வேகத்தில், அதாவது மிதிக்காமல் ஓடும் வேகத்தில், ஓட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து பொய்க்கணக்குக் காட்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மினுங்கும் ஒளியில் சில வேகங்களில் ஃபேன் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கண் நம்பும், கை நம்பக் கூடாது. தொங்கும் எதையும் போட்டுக்கொண்டு அங்கே குனியாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முன்கூட்டி விழும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். இதில் ரோட்டார் வலஞ்சுழி, ஆகவே முன்னேற்ற இடஞ்சுழி. மயிரிழை திருப்பினாலே போதும், ஏனென்றால் இங்கே ஒரு டிகிரி கிராங்கில் இரண்டு டிகிரி.

முன்கூட்டியே பொறி ஏன் என்றால், கலவை எரிந்து அழுத்தம் ஏற நேரம் பிடிக்கிறது. 600 சுற்று வேகத்தில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 3.6 டிகிரி நகர்கிறது. 3,000 சுற்றில் 18 டிகிரி. வேகம் ஏற ஏறப் பொறியும் முந்திக்கொண்டே போக வேண்டும், அதைச் செய்வது அந்த எடைகளும் ஸ்பிரிங்குகளும்.

ஸ்டிக்கரை வேதமாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். அந்த எட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகளுக்காக அச்சிட்டது. புதியதன் ஸ்பிரிங் வேறு. எட்டில் வைத்து, வாக்யூம் குழாய் அடைத்தபடியே 3,000 வரை முறுக்கிப் பார்த்தேன்; 30 தான் வந்தது. இந்த இன்ஜின்களுக்கு அந்த இடத்தில் 34 முதல் 36 வரை நன்றாக ஒத்துவரும். ஆகவே ஐடிலில் 12-க்கு ஏற்றினேன், மேலே 34 கிடைத்தது. கிளாம்பை இறுக்கியதும் மறுபடி லைட் அடித்துப் பார்த்தேன். இறுக்கும்போதே நகர்ந்துவிடும் வழக்கம் அதற்கு உண்டு. பிறகு குழாயை மாட்டினேன், ஏறிய ஐடிலைக் குறைத்தேன்.

87 ஆக்டேன் பெட்ரோலோடு ஆஸ்டினுக்கு மேற்கே ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்துப் பார்த்தேன். கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் நாக்கிங் இல்லை. சூடான இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பியபோதும் ஸ்டார்ட்டர் முக்கவில்லை. தட்டியிருந்தால் இரண்டு டிகிரி பின்வாங்கியிருப்பேன்.

கோடு முன்போல் தத்தளிக்கவில்லை, ஆனால் முழுக்க அசையாமலும் இல்லை. கேப்பைத் திறந்து, கிராங்கை ஒரு பக்கம் சுற்றி, பின் எதிர்ப்பக்கம் திருப்பினால் ரோட்டார் அசைவதற்கு முன் கொஞ்சம் வெறுமையாகப் போகிறது. கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் தொங்கிவிட்டது. அதற்கு வாட்டர் பம்ப், பேலன்சர், முன் கவர் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வெயில் தணியட்டும் என்று செயின் செட்டை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.