டோபமின் இல்லாத எலியும் சர்க்கரையை ரசிக்கும்

டோபமினை "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று ரீல்ஸில் சொன்னால் நம்பாதீங்க. அது மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வேதிப்பொருள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் எலி மூளைக்குள் 6-ஹைட்ராக்சிடோபமின் என்ற நச்சு மருந்தைச் செலுத்தி டோபமின் நரம்புகளை ஏறக்குறைய முழுசா அழிச்சுப் பார்த்தாங்க (1998). எலி தானாகச் சாப்பிடாது. குழாய் வழியா ஊட்டணும். ஆனால் வாய்க்குள் சர்க்கரைக் கரைசலை விட்டால் வழக்கம்போல நாக்கை நீட்டி நக்குது! கசப்பான குவினைனுக்கு வாயைப் பிளக்குது. ருசி அப்படியே இருக்கு, போனது நாட்டம்தான்.

செய்முறையில் சொதப்புற இடம் அந்த மருந்துதான். காற்றும் வெளிச்சமும் பட்டால் கரைசல் பழுப்பேறி வீணாகும். அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) சேர்த்து, அன்றைக்கே கலக்கி, ஐஸில் மூடி வைக்கணும். நார்அட்ரினலின் என்ற இன்னொரு சேதி வேதிப்பொருளின் நரம்புகளுக்குள் இந்த நச்சு நுழையாமல் தடுக்கும் டெசிப்ரமின் ஊசியை முன்னாடியே போடலைன்னா, அந்த நரம்புகளும் சேர்ந்து சாகும். அப்புறம் எந்த மாற்றம் எதனால வந்ததுன்னு பிரிக்கவே முடியாது.